நெல் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிட்டன: பழைய கணினியிலிருந்து தரவுத்தளத்தை மாற்றிய பின் வந்த சிக்கல்

கேள்வி: பூங்கார்

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மரபு நெல் விதைக் குழுவில் பதிவேடு பார்க்கும் பொறுப்பு என்னுடையது. விதை வாங்கிப் போகும் உழவரின் பெயர், ஊர், நெல் வகை, எடை, திருப்பித் தந்த நாள் எல்லாம் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. 2 கிலோ விதை எடுத்தவர் அறுவடை முடிந்ததும் 4 கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. யாரிடம் எந்த நெல் இருக்கிறது என்பது தெரியாமல் போனால் அடுத்த பட்டத்துக்கு அந்த வகை எங்கள் கையில் இருக்காது. அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. உலாவியில் திறக்கும் பக்கத்தில் தட்டச்சு செய்வேன். தரவுத்தளத்தை உலாவியிலேயே காட்டும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து அட்டவணையைப் பார்ப்பேன். கட்டளை கொடுத்தால் அதை அப்படியே அடித்து, வந்ததைப் படித்துச் சொல்லவும் முடியும்.

பழைய கணினியின் வட்டு பழுதாகும் நிலைக்கு வந்ததால், அதிலிருந்த தரவுத்தளத்தை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து புதிய கணினியில் இறக்கினோம். பதிவு செய்யும் பக்கத்தையும் ஊர்த் தம்பி ஒருவர் புதிதாக எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கம் ‘பதிவு சேமிக்கப்பட்டது’ என்று மட்டும் சொல்லும், பட்டியலைக் காட்டாது. ஆடி மாதம் முழுக்க அதில்தான் பதிந்தோம். இப்போது பட்டியலைத் திறந்தால் நிலைமை இப்படி இருக்கிறது.

பழைய பதிவுகளில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தலையில் கோடு போட்ட ஐரோப்பிய ‘ஏ’, அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகக் குறி, பிறகு வேறு ஏதோ ஒரு குறி என்று இதே கோலம் வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. ஆடியில் பதிந்தவை வெறும் கேள்விக்குறிகள். எடையும் தேதியும் மட்டும் எல்லா வரிகளிலும் சரியாக இருக்கின்றன.

இதோடு தொடர்பு உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழைய கணினியில் எல்லாம் நன்றாகத் தெரிந்த காலத்திலேயே மாப்பிள்ளைச் சம்பா மட்டும் ‘மாப்பிள்ளைச் சம்ப’ என்று நின்று, கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி காட்டும். எத்தனை முறை திருத்தினாலும் அப்படியேதான் வரும். இலுப்பைப்பூச் சம்பாவும் அதேபோல் முடிவில் அறுந்து நிற்கும்.

அட்டவணையின் அமைப்பில் லத்தீன்1_ஸ்வீடிஷ்_சிஐ என்று எழுதியிருக்கிறது. இதில் ஸ்வீடன் மொழி எப்படி வந்தது? பெயர்களை மீட்க வழி இருக்கிறதா?

பதில்: புதுவிசை

அக்கா, அட்டவணை லத்தீன் எழுத்துத் தொகுதியில், அதாவது ஐரோப்பிய எழுத்துகளுக்கான எண் பட்டியலில், இருப்பதுதான் காரணம். ‘ஆல்டர் டேபிள்’ என்று தொடங்கி அட்டவணையின் பெயரைக் கொடுத்து, ‘கன்வர்ட் டு கேரக்டர் செட் யுடிஎஃப்8எம்பி4’ என்று முடியுங்கள். ஒரே கட்டளையில் மொத்த அட்டவணையும் தமிழை ஏற்கும்படி மாறிவிடும்.

பதில்: கல்லணை

அம்மா, அந்தக் கட்டளையை இப்போது இயக்க வேண்டாம். மைஎஸ்கியூஎல்லில் ‘ஆல்டர்’ செய்துவிட்டு ‘ரோல்பேக்’ கொடுத்துத் திரும்ப முடியாது. தம்பி சொன்னது, லத்தீன் நெடுவரிசையில் உண்மையான லத்தீன் எழுத்துகள் இருந்தால் சரியான வழி. உங்கள் நெடுவரிசையில் இருப்பது என்ன என்று நாம் இன்னும் பார்க்கவே இல்லை.

நான் தரவுத்தள நிர்வாகத்தில்தான் வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் விடாமல் வலியுறுத்துவது ஒன்றுதான்: திரையில் தெரிவதை வைத்துத் தரவைத் திருத்தாதீர்கள், சேமித்திருக்கும் பைட்டுகளை, அதாவது எழுத்துகளுக்காகக் கணினி உள்ளே வைத்திருக்கும் எண்களை, பாருங்கள். ஒரு பெயர் தரவுத்தளத்திலிருந்து உங்கள் கண்ணுக்கு வருவதற்குள், நெடுவரிசைக்கு அறிவித்த எழுத்துத் தொகுதி, பக்கத்துக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பின் எழுத்துத் தொகுதி, உலாவி வாசிக்கும் முறை ஆகிய மூன்றையும் தாண்டுகிறது. எது பிசகினாலும் திரையில் குப்பைதான் தெரியும். கேள்விக்குறி தெரிந்தாலே தரவு அழிந்துவிட்டது என்றும் பொருள் இல்லை. உள்ளே தமிழ் பத்திரமாக இருந்து, இணைப்பு மட்டும் லத்தீனில் இருந்தாலும் கேள்விக்குறிதான் வரும்.

முதலில் காப்பு நகல். பழைய கணினியிலிருந்து எடுத்த ஏற்றுமதிக் கோப்பை இரண்டு பென்டிரைவில் வைத்து, அவற்றைத் தொடாமல் ஒதுக்குங்கள். புதிய கணினியில் இன்றைக்கு இருக்கும் தரவுத்தளத்தையும் தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பிறகு ‘சோதனை’ என்ற பெயரில் ஒரு தரவுத்தளம் உருவாக்கி, இன்றைய நகலை அதில் இறக்குங்கள். இனிச் செய்வதெல்லாம் அதில்தான். இது முடியும்வரை புதிய பக்கத்தில் எதையும் பதியாதீர்கள், ரசீதுப் புத்தகத்தில் மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, பிஎச்பிமைஅட்மினில் எஸ்கியூஎல் என்ற தாவலைத் திறந்து சில விவரங்களைக் கேட்டுச் சொல்லுங்கள். கட்டளைகளை நான் ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘ஷோ கிரியேட் டேபிள்’ என்று அடித்து அட்டவணையின் பெயரைக் கொடுத்தால், அது எப்படி உருவாக்கப்பட்டது என்று முழுதாகக் காட்டும். ‘செலக்ட் @@எஸ்கியூஎல்_மோட்’ என்றால் சர்வர் எவ்வளவு கண்டிப்பாக நடந்துகொள்கிறது என்று தெரியும். கடைசியாக, பழைய வரி ஒன்று, ஆடியில் பதிந்த வரி ஒன்று, அந்த மாப்பிள்ளைச் சம்பா வரி ஆகியவற்றுக்கு ‘ஹெக்ஸ்’ என்ற சார்பையும் ‘லெங்த்’ என்ற சார்பையும் நெல் பெயரின் மேல் இயக்குங்கள். முதலாவது பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணில் (0 முதல் 9 வரையும் ஆங்கில ஏ முதல் எஃப் வரையும்) காட்டும், இரண்டாவது மொத்தம் எத்தனை பைட் என்று சொல்லும். இவையெல்லாம் படிக்க மட்டும் செய்யும் கட்டளைகள், எதையும் மாற்றிவிடாது.

எதைத் தேடுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்8 முறையில், அன்றாடத் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். ‘அ’ என்றால் ஈ0 ஏஈ 85. கேள்விக்குறி ஒரே பைட், 3எஃப். அங்கே ஈ0 தெரிந்தால் பெயர் இருக்கிறது. 3எஃப் தெரிந்தால் அந்த இடத்தில் பெயர் இல்லை.

ஸ்வீடனைப் பற்றிக் கேட்டீர்கள். மைஎஸ்கியூஎல் ஸ்வீடனில் பிறந்த நிறுவனத்தின் படைப்பு. அதனால் லத்தீன்1 தொகுதிக்கு ஸ்வீடிஷ் அகர வரிசையை இயல்பாக வைத்தார்கள். பதிப்பு 8.0 வரும்வரை, எழுத்துத் தொகுதியைக் குறிப்பிடாமல் உருவாக்கிய தரவுத்தளங்கள் எல்லாம் இப்படித்தான் அமைந்தன.

பதில்: பூங்கார்

ஐயா, எல்லாம் செய்துவிட்டேன். நகல்கள் இரண்டு பென்டிரைவில் இருக்கின்றன, ‘சோதனை’யும் தயார்.

நெல் பெயர் நெடுவரிசை வார்ச்சார்(50). அட்டவணையின் முடிவில் டிஃபால்ட் கேரக்டர் செட் லத்தீன்1 என்று இருக்கிறது. எஸ்கியூஎல்_மோட் கேட்டதற்கு வந்த நீண்ட வரியில் பூஜ்யத் தேதி பற்றியும் எஞ்சின் பற்றியும் சில சொற்கள் உள்ளன.

மாப்பிள்ளைச் சம்பா வரியின் பைட்டுகள் ஈ0 ஏஈ ஏஈ, ஈ0 ஏஈ பிஈ என்று தொடங்குகின்றன. நீங்கள் சொன்ன ஈ0 அதில் வரிசையாக வருகிறது. மொத்தம் 50 பைட். ஆனால் கடைசியில் ஈ0 என்று மட்டும் தனியாக நிற்கிறது, அதற்குப் பின் ஒன்றும் இல்லை. மற்ற பழைய வரிகளும் ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்றே போகின்றன.

ஆடி மாதத்து வரியில் 3எஃப் மட்டும் எட்டு முறை. மொத்தம் 8 பைட்.

ஒரு சந்தேகம். கேள்விக்குறிகளின் எண்ணிக்கை வரிக்கு வரி வேறுபடுகிறது. சில வரிகளில் நடுவே இடைவெளியும் இருக்கிறது. எங்களிடம் இருக்கும் நெல் வகைகள் அளவானவைதான். எண்ணிக்கையை வைத்தே எந்த நெல் என்று சொல்லிவிட முடியாதா?

பதில்: கல்லணை

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். முடிவில் வெட்டுப்பட்ட சில பெயர்களைத் தவிர, பழைய பதிவுகள் பத்திரமாக இருக்கின்றன. ஆடி மாதத்துப் பெயர்கள் தரவுத்தளத்தில் இல்லை, அவற்றை ரசீதிலிருந்துதான் மீண்டும் எழுத வேண்டும்.

நடந்தது இதுதான். பழைய பக்கம் சர்வரோடு இணையும்போது தன் எழுத்துத் தொகுதி என்ன என்று அறிவிக்கவில்லை. வருவது லத்தீன்தான் என்று சர்வர் எடுத்துக்கொண்டது. ‘மா’ என்று நீங்கள் அடித்த 6 பைட்டை 6 ஐரோப்பிய எழுத்துகளாக எண்ணி அப்படியே சேமித்தது. திருப்பிக் கேட்டபோது அதே 6 பைட்டை அப்படியே தந்தது, உலாவி அதைத் தமிழாக வாசித்தது. இரண்டு பக்கமும் ஒரே பிசகு இருந்ததால் திரையில் குறை தெரியவில்லை. புதிய பக்கம் இணைப்பை யுடிஎஃப்8எம்பி4 என்று முறையாக அறிவிக்கிறது. உடனே சர்வர் தன் கடமையைச் செய்கிறது: ஈ0 என்ற பைட் லத்தீனில் தலையில் கோடு போட்ட ‘ஏ’, ஏஈ என்ற பைட் வட்டத்துக்குள் ‘ஆர்’. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி அனுப்புகிறது. நீங்கள் பார்த்த கோலம் அதுதான்.

ஆடியில் பதிந்தவற்றின் கதை வேறு. தமிழ் முறையாகவே வந்து சேர்ந்தது, ஆனால் லத்தீன் நெடுவரிசையில் தமிழுக்கு இடமே இல்லை. சர்வர் கண்டிப்பு முறையில் இருந்திருந்தால் 1366 என்ற பிழையைக் காட்டிப் பதிவையே மறுத்திருக்கும், நீங்களும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பீர்கள். உங்கள் எஸ்கியூஎல்_மோட் வரியில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற சொல் இல்லை. அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்து, ஓர் எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டு, சேமித்துவிட்டது. அந்த எச்சரிக்கையைப் பக்கம் உங்களுக்குக் காட்டவில்லை. மைஎஸ்கியூஎல் 5.7 முதல் கண்டிப்பு முறை இயல்பாகவே உண்டு. ஆனால் சர்வரின் அமைப்புகள் இருக்கும் மை.ஐஎன்ஐ கோப்பில் எஸ்கியூஎல்_மோட் என்று தனி வரி இருந்தால் அதுதான் செல்லுபடியாகும். அந்த வரியில் ‘ஸ்ட்ரிக்ட்_டிரான்ஸ்_டேபிள்ஸ்’ என்பதைச் சேர்த்துச் சர்வரை மறுபடி தொடங்குங்கள். இதைத் தள்ளிப் போட வேண்டாம்.

எண்ணிக்கையை வைத்து ஊகிக்கலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் கவனித்தது முற்றிலும் சரி, ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறிதான். நமக்குப் பூங்கார் என்ற நெல்லின் பெயர் நான்கு எழுத்து. கணினிக்கு ப, ஊகாரக் குறி, ங, புள்ளி, க, கால், ர, புள்ளி என்று எட்டு. ஆனால் தூயமல்லியும் எட்டுதான். கருங்குறுவை, குள்ளக்கார், காட்டுயானம் மூன்றுக்கும் பதினொன்று. காட்டுயானம் எடுத்தவர் கணக்கில் குள்ளக்கார் என்று எழுதிவிட்டால் யாருக்கும் உடனே தெரியாது, அறுவடைக்குப் பின் விதை மூட்டையில்தான் தெரியும். ஆகவே ரசீதைப் பார்த்தே எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு எண்ணிக்கை பொருந்துகிறதா என்று சரிபார்க்க இதைப் பயன்படுத்துங்கள், அதற்கு மிகவும் உதவும். உழவர் பெயருக்கும் ஊருக்கும் இப்படியே.

இனி மாப்பிள்ளைச் சம்பா. லத்தீன் நெடுவரிசையில் வார்ச்சார்(50) என்றால் 50 பைட். மாப்பிள்ளைச் சம்பா எத்தனை? தமிழ்க் குறிகள் 17, ஒன்றுக்கு 3 பைட் என்று 51, நடுவே இடைவெளிக்கு 1, ஆக 52. கடைசிக் காலின் மூன்று பைட்டில் முதலாவது மட்டும் உள்ளே நின்று, மற்ற இரண்டும் வெட்டுப்பட்டன. தனியாக நிற்கும் அந்த ஈ0 அதுதான், வைரத்துக்குள் நீங்கள் பார்த்த கேள்விக்குறியும் அதுதான். இலுப்பைப்பூச் சம்பா 55 பைட், ஆகவே ‘சம்’ என்பதோடு நின்று அதே ஈ0 தொங்கும். எத்தனை முறை திருத்தினாலும் இடம் அதே 50 தானே.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இடைவெளியே இல்லாத பெயர் வெட்டுப்பட்டால் கடைசியில் இரண்டு பைட் தொங்கும். ஓர் இடைவெளி இருந்தால் ஒரு பைட். இரண்டு இடைவெளி இருந்தாலோ 16 குறிகளும் 2 இடைவெளியும் சேர்ந்து சரியாக 50 ஆகிவிடும், வெட்டுப்பட்ட அடையாளமே தெரியாது. தந்தை பெயரோடு சேர்த்து எழுதிய உழவர் பெயர்களில் இது நடந்திருக்கலாம். அதனால் வைரம் தெரிகிறதோ இல்லையோ, ‘லெங்த்’ சரியாக 50 இருக்கும் எல்லா வரிகளையும் பட்டியல் எடுத்து ரசீதோடு ஒப்பிடுங்கள்.

மீட்கும் முறைக்கு வருகிறேன். எல்லாம் ‘சோதனை’யில் மட்டும்.

முதலில், பெயரில் கேள்விக்குறி உள்ள வரிகளை ‘லைக்’ கொண்டு தேடி, வரிசை எண், எடை, தேதியோடு அச்சிட்டு வையுங்கள். 50 பைட் வரிகளின் பட்டியலையும் அச்சிடுங்கள். பிறகு தொங்கும் பைட்டுகளை வெட்டுங்கள்: ஓர் இடைவெளி உள்ள பெயர்களுக்கு ‘அப்டேட்’ கட்டளையில் ‘லெஃப்ட்’ சார்பைக் கொண்டு முதல் 49 பைட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இடைவெளி இல்லாதவற்றுக்கு 48. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் கண்டிப்பு முறையில் அதே 1366 பிழை வந்து நிற்கும். வந்தால் பயப்பட வேண்டாம், எந்த வரி என்று பிழையிலேயே எண் இருக்கும்.

அடுத்து, ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையில் ‘மாடிஃபை’ போட்டு நெல் பெயர் நெடுவரிசையை வார்பைனரி(50) ஆக்குங்கள். இது வெறும் பைட், எழுத்து என்று எதுவும் கிடையாது என்று சர்வரிடம் சொல்கிறோம். இந்த நிலையில் பிஎச்பிமைஅட்மினில் பெயருக்குப் பதிலாக எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட சரம் தெரியும், அது சரிதான். உடனே இன்னொரு ‘மாடிஃபை’ கொடுத்து அதே நெடுவரிசையை வார்ச்சார்(100), கேரக்டர் செட் யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றுங்கள். பைட்டைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிறோம். தமிழ் தெரிய வேண்டிய இடம் இதுதான். உழவர் பெயர், ஊர் நெடுவரிசைகளுக்கும் அப்படியே. ‘மாடிஃபை’ செய்யும்போது ‘நாட் நல்’ போன்ற நிபந்தனைகளைத் திரும்பவும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அவை போய்விடும். ‘ஷோ கிரியேட் டேபிள்’ காட்டியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

புதிய வார்ச்சார்(100) என்பது 100 குறிகள், பைட் அல்ல. மாப்பிள்ளைச் சம்பா இப்போது 18 மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

புதுவிசைத் தம்பிக்கு: ‘கன்வர்ட் டு’ கொடுத்திருந்தால் சர்வர் ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாகவே மதித்து யூனிகோடாக்கியிருக்கும். ஈ0 என்பது சி3 ஏ0 என்றும், ஏஈ என்பது சி2 ஏஈ என்றும் ஆகியிருக்கும். அதையும் மீட்கலாம், ஆனால் இன்னோர் அடுக்கைப் பிரிக்க வேண்டும். அதற்குள் இன்னும் சில புதிய பதிவுகள் சரியான முறையில் நுழைந்துவிட்டால், இரண்டு வகையையும் வரிவரியாகப் பிரித்தெடுக்க நேரும்.

பதில்: தறிநாடா

இத்தனை சுற்றுவழி தேவையா? ஏற்றுமதிக் கோப்பை எடிட்டரில் திறந்து, விண்டோஸின் ஐரோப்பிய எழுத்துத் தொகுதியான விண்டோஸ்-1252 முறையில் சேமித்து, யுடிஎஃப்8 ஆகத் திறந்தால் தமிழ் வந்துவிடும். சிறிய பைத்தான் நிரல் எழுதினாலும் போதும். இன்னொன்று, தமிழ் எழுத்துக்கு 3 பைட் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் வெறும் யுடிஎஃப்8 போதுமே, எதற்கு எம்பி4?

பதில்: கல்லணை

தறிநாடா, மற்ற பல மொழிகளுக்கு அது ஓரளவு நடக்கும். தமிழுக்கு அதில் பெரிய ஆபத்து உண்டு. விண்டோஸ்-1252 இல் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய ஐந்து இடங்கள் காலி. இப்போது தமிழைப் பாருங்கள். புள்ளியின் பைட்டுகள் ஈ0 ஏஎஃப் 8டி. உகரக் குறியின் பைட்டுகள் ஈ0 ஏஎஃப் 81. ‘ஏ’ 8எஃப்-இல் முடிகிறது, ‘ஐ’ 90-இல் முடிகிறது. பைத்தான் நிரல் முதல் புள்ளியிலேயே பிழை காட்டி நிற்கும். அந்தப் பிழையைத் தவிர்க்க ‘இக்னோர்’ என்று எழுதினால் புள்ளியும் உகரமும் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். கருங்குறுவை என்ற பெயரில் மட்டும் மூன்று உகரமும் ஒரு புள்ளியும் இருக்கின்றன, பதினொரு குறிகளில் நான்கு போய்விடும். புள்ளி இல்லாத தமிழை அதன் பிறகு யார் உட்கார்ந்து திருத்துவது?

மைஎஸ்கியூஎல்லின் லத்தீன்1 பெரும்பாலும் விண்டோஸ்-1252 தான், ஆனால் அந்த ஐந்து காலி இடங்களுக்கும் தானாகவே எண் ஒதுக்கிவைத்திருக்கிறது. அதனால் சர்வருக்குள்ளேயே மாற்றும்போது ஒரு புள்ளிகூடப் போகாது. வார்பைனரி வழியில் மொழிமாற்றமே நடப்பதில்லை என்பதால் அது இன்னும் பத்திரம்.

யுடிஎஃப்8 பற்றி: மைஎஸ்கியூஎல்லில் வெறும் யுடிஎஃப்8 என்று எழுதினால், எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட் ஏற்கும் பழைய தொகுதிதான் கிடைத்து வந்தது. அதன் சரியான பெயர் யுடிஎஃப்8எம்பி3. 2010-இல் வந்த 5.5.3 பதிப்பில்தான் 4 பைட் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 சேர்ந்தது. அன்றாடத் தமிழ் எழுத்துகள் 3 பைட்டில் அடங்கும் என்பது உண்மை. தமிழ் முழுதும் அடங்காது, 4 பைட் கேட்கும் குறிகளும் நம்மிடம் உண்டு. புதிதாக அட்டவணை உருவாக்கும் யாரும் இன்று எம்பி3-ஐத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் இல்லை.

பதில்: பூங்கார்

ஐயா, தமிழ் வந்துவிட்டது. கருங்குறுவை, சிவப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா எல்லாம் ஒவ்வொன்றாக வரிசையில் தெரிகின்றன. மாப்பிள்ளைச் சம்பாவுக்குக் கடைசிக் காலைப் போட்டுச் சேமித்தேன், நின்றது.

50 பைட் பட்டியலில் நீங்கள் சொன்னது போலவே, வைரம் இல்லாத சில உழவர் பெயர்களும் இருந்தன. பார்த்தால் முழுப் பெயர் போலத்தான் தெரிகிறது, ரசீதில்தான் இன்னும் இரண்டு எழுத்து இருந்தது. ஆடி மாதத்து ரசீதுகளின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிவருகிறேன், முடித்த வரிகளில் கேள்விக்குறி எண்ணிக்கை பொருந்துகிறது. ஒரு வரியில் மட்டும் ரசீதில் தூயமல்லி, தரவுத்தளத்தில் பதினொரு கேள்விக்குறி. அந்த உழவரைக் கேட்டால் குள்ளக்கார்தான் எடுத்ததாகச் சொல்கிறார். ரசீது எழுதிய பின் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த எண்ணிக்கை இல்லையென்றால் அது தெரிந்திருக்காது.

கண்டிப்பு முறையையும் போட்டாயிற்று. பக்கம் எழுதிய தம்பியிடம் சொல்லி, சேமித்ததும் அந்த வரியைத் திரும்பப் படித்துக் காட்டும்படி மாற்றியிருக்கிறோம்.

4 பைட் கேட்கும் தமிழ்க் குறி என்றீர்களே, அது எது? எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் நிலக் கணக்கை வேலி, மா, குழி என்றுதான் எழுதுவார், மாவுக்குப் பழைய குறியையே போடுவார். அதைத் தரவுத்தளத்தில் வைக்க முடியுமா?

பதில்: கல்லணை

முடியும் அம்மா, நான் மனத்தில் வைத்திருந்ததும் அவற்றைத்தான். முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் 2019-இல் யூனிகோட் 12.0 பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் 4 பைட். எம்பி3 நெடுவரிசை அவற்றை ஏற்காது, உங்கள் புதிய நெடுவரிசை ஏற்கும். திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துருவின் குறை, தரவின் குறை அல்ல. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் என்ற எழுத்துருவை நிறுவிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ‘ஹெக்ஸ்’ இயக்குங்கள், எஃப்0 என்று தொடங்கினால் குறி உள்ளே இருக்கிறது.

ஆனால் கணக்குப் போட வேண்டிய அளவைக் குறியாக மட்டும் வைக்காதீர்கள், கூட்டவும் முடியாது, பெரிது சிறிது என்று வரிசைப்படுத்தவும் முடியாது. பரப்புக்குக் குழி என்று ஒரு முழு எண் நெடுவரிசை வையுங்கள். 1 மா 100 குழி, 20 மா 1 வேலி. அரை மா என்றால் 50, ஒரு வேலி என்றால் 2000. பெரியவர் எழுதியது எழுதியபடியே பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையில், அவர் போட்ட குறியோடு இருக்கட்டும்.

ஆடி மாதத்து வரிகள் முடிந்ததும் ‘சோதனை’யை ஏற்றுமதி செய்து, அதை வெறும் தரவுத்தளம் ஒன்றில் ஒருமுறை இறக்கிப் பார்த்து, அதன் பிறகு உண்மையான தரவுத்தளமாக்குங்கள். ஏற்றுமதிக் கோப்பை எடிட்டரில் திறந்தால் தமிழ் அப்படியே படிக்க வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாமல் இங்கே எழுதுங்கள்.